அசையாதது எது?

(இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாமாண்டு மாணவன்)

ஓடும் ஆற்றைப் பார்த்து "அசைகிறது" என்கிறோம். கரையில் கிடக்கும் பாறையைப் பார்த்து "அசையாமல் கிடக்கிறது" என்கிறோம். ஆனால் அந்தப் பாறையை எவ்வளவு நேரம் பார்த்தோம்? பேருந்து வரும்வரை, அல்லது பேச்சு முடியும்வரை! அந்தச் சிறு பொழுதில் அது அசையவில்லை என்பதற்காக என்றுமே அசையாது என்று தீர்ப்புச் சொல்லிவிடலாமா? இத்தகைய தீர்ப்புகளை நாம் மிக எளிதில் சொல்லிவிடுகிறோம் என்பதே என் கருத்து. பொருள்களைப் பற்றி மட்டுமன்று, மனிதர்களைப் பற்றியும்தான்.

நான் மண்பாண்டத் தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நானே. பொங்கலுக்கு முந்திய நாட்களில் எங்கள் வீட்டில் மூச்சுவிடவும் நேரம் இராது. இவ்வாண்டு அந்நாட்களில் திருப்பூரிலிருந்து என் தாய்மாமன் வந்திருந்தார். அப்பா மண் மிதித்துக்கொண்டிருந்தார். நானோ திண்ணையில் உட்கார்ந்து ஒரு கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"மாப்ளே, என்ன படிக்கிறே?" என்றார் மாமா.

மிக மெதுவாக அசையும் பொருள்களை எக்ஸ் கதிர்களைக் கொண்டு ஆராய்வது பற்றி எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "அசையாத பொருளை உக்காந்து பாக்கிறதுக்கு ஒரு படிப்பா? எங்க கம்பெனியில இப்பவே ஆள் எடுக்கிறாங்க. வந்தா மாசச் சம்பளம்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை, பதிலும் சொல்லவில்லை. மண்ணை மிதித்துக்கொண்டே இருந்தார். அன்று மாமாவுக்குச் சொல்ல இயலாத விடையை இந்த மலரில் எழுத முயல்கிறேன்.

சுவரில் ஒரு பொட்டுக்கோலம்

நம் ஆய்வகத்தில் கீற்றணிச் சோதனைக்கு லேசர் விளக்கைப் பயன்படுத்துகிறோம். அதன் ஒளியை வெள்ளைச் சுவரில் சற்றே விரித்து அடித்துப் பாருங்கள். ஒளி சீராக இராது. மணல் தூவியதுபோல் பளிச்சிடும் பொட்டுகளும் கரும் பொட்டுகளும் கலந்து தெரியும். ஆங்கிலத்தில் இதனை 'ஸ்பெக்கிள்' என்பர். நான் பொட்டுக்கோலம் என்றே எழுதுகிறேன்.

காரணம் நாம் முதலாண்டிலேயே படித்ததுதான். லேசர் ஒளி ஓரியல் ஒளி. அதன் அலைகள் அணிவகுத்துச் செல்லும் படைவீரர்களைப்போல் ஒரே ஒழுங்கில் செல்வன. சுவரின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் அந்த அலைகளைச் சிதறடிக்கின்றன. சிதறிய அலைகள் ஓரிடத்தில் முகடோடு முகடாகச் சேர்ந்தால் வெளிச்சம். முகடோடு பள்ளமாகச் சேர்ந்தால் இருள். யங்கின் இரட்டைப் பிளவில் இரண்டு அலைகள் செய்வதை இங்கே கோடிக்கணக்கான அலைகள் செய்கின்றன. சாதாரண மின்விளக்கின் ஒளியில் இக்கோலம் தெரிவதில்லை. அவ்வொளி அணிவகுப்பு அன்று; சந்தைக் கூட்டம்!

இது நமக்குப் புதிய செய்தியும் அன்று. 1943ஆம் ஆண்டில் பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி செய்துவந்த ஜி. என். இராமச்சந்திரன், நுண்துகள்களால் உண்டாகும் ஒளிவட்டங்களுக்குள் காணப்படும் ஒளிச்செறிவின் ஏற்றத்தாழ்வுகளை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். அப்போது லேசர் பிறக்கவே இல்லை. அது 1960இல் வந்தது. அதே இராமச்சந்திரன்தான் பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1954இல் கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பை எக்ஸ் கதிர்களின் துணையால் வெளிப்படுத்தியவர்.

இனித்தான் சுவையான பகுதி. ஒளியைச் சிதறடிக்கும் துகள்கள் அசைந்தால் பொட்டுக்கோலமும் மாறும். துகள்கள் விரைந்து ஓடினால் கோலம் கொதிக்கும். மெல்ல நகர்ந்தால் மெல்ல உருமாறும். அசையாதிருந்தால் கோலமும் அப்படியே நிற்கும். எனவே துகளைத் தனியே பார்க்கவேண்டிய தேவை இல்லை. கோலத்தைப் பார்த்தால் போதும். இப்போது எடுத்த படத்தையும் சற்றுப் பொறுத்து எடுத்த படத்தையும் ஒப்பிட்டு, எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று ஓர் எண்ணால் குறிக்கலாம். புள்ளியியல் வகுப்பில் நாம் கற்கும் ஒட்டுறவுதான் அது. இடைவெளி நீள நீள ஒட்டுறவு குறையும். அது எவ்வளவு நேரத்தில் குறைகிறதோ, அதுவே அப்பொருளின் உள்ளசைவுக்கு உரிய காலம். நண்பனை நாள்தோறும் பார்க்கும் நமக்கு அவன் வளர்ந்தது தெரிவதில்லை. பத்தாம் வகுப்புப் படத்தை அடையாள அட்டைப் படத்தோடு ஒப்பிட்டால் தெரிகிறதன்றோ? அதே முறைதான் இது.

எக்ஸ் கதிர் எதற்கு?

லேசரைக் கொண்டே இவ்வாராய்ச்சி 1960களிலிருந்து நடந்துவருகிறது. பின்னர் எக்ஸ் கதிர் எதற்கு? இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, சிவப்பு லேசரின் அலைநீளம் ஏறத்தாழ 6500 ஆங்ஸ்ட்ராம். அணுக்களுக்கு இடைப்பட்ட தூரமோ சில ஆங்ஸ்ட்ராம்தான். நெல் அளக்கும் மரக்காலைக் கொண்டு தங்கம் நிறுக்க முடியுமா? எக்ஸ் கதிரின் அலைநீளம் ஓர் ஆங்ஸ்ட்ராம் அளவில் இருக்கும்; அதாவது ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. அணுக்களின் அசைவை அறிய அதுவே தக்க கோல். இரண்டாவது, கண்ணொளி நுழையாத சேற்றிலும் உலோகத் தகட்டிலும் எக்ஸ் கதிர் நுழையும்.

ஆனால் ஓர் இடையூறு. ராண்ட்ஜன் 1895இல் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். லௌவே 1912இல் படிகங்களால் அது விளிம்பு விளைவு அடைவதைக் காட்டினார். ஆயினும் எக்ஸ் கதிர்க் குழாயிலிருந்து வருவது அணிவகுப்பு அன்று, சந்தைக் கூட்டமே. அதிலிருந்து ஓரியல் கதிரைப் பிரித்தெடுத்தால் எஞ்சுவது எதற்கும் பற்றாது. வழி திறந்தவை சின்க்ரோட்ரான் என்னும் மாபெரும் பொறிகள். ஒளியின் வேகத்தை நெருங்கிச் செல்லும் எலக்ட்ரான்களைக் காந்தங்கள் வளைக்கும்போது அவை எக்ஸ் கதிர்களைப் பொழிகின்றன. பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரிலுள்ள ஐரோப்பிய சின்க்ரோட்ரானின் வளையச் சுற்றளவு 844 மீட்டர். அவ்வளவு பெரிய பொறி தரும் கதிரையும், தலைமயிரைவிடப் பல மடங்கு நுண்ணிய துளை வழியே செலுத்தி, ஒழுங்குள்ள சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். நூறு படி நெல்லைப் புடைத்து ஒரு பிடி விதைநெல் எடுப்பதுபோல!

1991இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் சட்டனும் அவரது குழுவினரும் செம்பும் பொன்னும் கலந்த ஒரு படிகத்தின்மீது ஓரியல் எக்ஸ் கதிரைச் செலுத்திப் பொட்டுக்கோலத்தைக் கண்டு அறிவித்தனர். 1995இல் கிளிசரினில் மிதக்கும் நுண்ணிய பொன் துகள்களின் பிரௌனியன் அசைவு இம்முறையால் அளக்கப்பட்டது. இராபர்ட் பிரௌன் 1827இல் நுண்ணோக்கியில் கண்ட அதே ஆட்டம். ஐன்ஸ்டீன் 1905இல் விளக்கிய அதே ஆட்டம்.

களிமண்ணும் கண்ணாடியும்

என்னை இத்துறையின்பால் இழுத்தது பொன் அன்று, மண்தான்.

மண்ணை மிதித்தவுடன் அப்பா சக்கரத்தில் ஏற்றமாட்டார். ஈரச்சாக்கைப் போட்டு மூடி வைத்துவிடுவார். "மண்ணு உக்காரட்டும்" என்பார். சின்ன வயதில் அதை எடுத்துப் பார்ப்பேன். நேற்று வைத்த உருண்டை நேற்று வைத்தபடியே இருக்கும். என்ன உட்கார்ந்தது என்று எனக்கு விளங்கியதில்லை. ஆனால் அப்பாவின் கட்டைவிரல் அதில் பதிந்தவுடன் அவருக்குத் தெரிந்துவிடும்.

2004இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியைப் பற்றி அறிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ரஞ்சினி பந்தோபாத்யாயும் அவரோடு இணைந்து பணியாற்றியோரும் செயற்கைக் களிமண் ஒன்றை நீரில் கலந்து, ஓரியல் எக்ஸ் கதிரால் ஆராய்ந்தனர். அக்களிமண்ணின் துகள்கள் வட்டத் தட்டுகள். தடிமன் ஏறத்தாழ 1 நானோமீட்டர், விட்டம் 30 நானோமீட்டர் அளவு. கண்ணுக்கு அது அசையாத களி. பொட்டுக்கோலமோ மாறிக்கொண்டே இருந்தது! களியின் வயது ஏற ஏறக் கோலம் மாற ஆகும் நேரமும் நீண்டது. வயதைவிட விரைவாகவே நீண்டது. அத்துகள்கள் பிரௌனியன் ஆட்டம்போல் தாறுமாறாக அலையவில்லை. களியினுள் அடைபட்டுக் கிடந்த இறுக்கங்கள் அங்கங்கே தளர, சுற்றியுள்ள பகுதி மெல்ல இழுபட்டு நகர்வதுபோல் அசைந்தன. இவ்வாராய்ச்சியாளர் பெங்களூரிலுள்ள இராமன் ஆராய்ச்சிக் கழகத்தில் பேராசிரியராக இருப்பவர்.

எங்கள் வீட்டு மண்ணும் அந்தச் செயற்கை மண்ணும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூடி வைத்த களி சும்மா இருப்பதில்லை, அதற்கு ஒரு வயது உண்டு என்ற செய்தியை அப்பாவின் கட்டைவிரல் என்றோ அறிந்திருந்தது. அறிவியல் அதற்கு அளவு கொடுத்தது.

மண்ணோடு நின்றுவிடவில்லை. 2009இல் செம்பு-பொன் கலவையில் அணுக்கள் ஓரிடம் விட்டு ஓரிடம் தாவுவதை ஆஸ்திரிய அறிவியலார் இம்முறையால் அளந்தனர். 2012இல் மக்னீசியம், செம்பு, இட்ரியம் மூன்றும் கலந்த உலோகக் கண்ணாடியை ஆராய்ந்தபோது, திண்மமாக இறுகிய பின்னும் அதன் அணுக்கள் இடம் மாறிக்கொண்டிருப்பது தெரிந்தது. அங்கும் களிமண்ணில் கண்டதுபோன்ற இறுக்கம் தளரும் போக்கே காணப்பட்டது. 2021இல் கோழிமுட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் உறைந்து களியாவதையும் இவ்வாறே ஆராய்ந்திருக்கிறார்கள். சேறு, உலோகம், முட்டை! ஒன்றுக்கொன்று என்ன உறவு? உறைந்தும் உறையாத நிலைதான் உறவு.

பார்வையே அசைத்தால்?

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மெதுவான அசைவு என்று கேட்டவுடன், "பழைய மாதாகோயில் சன்னல் கண்ணாடிகள் வழிந்து வழிந்து அடிப்பக்கம் தடித்துவிட்டன" என்னும் கதையை நம்மில் பலர் சொல்லக்கூடும். அது கதையே. பிரேசில் நாட்டு அறிஞர் சனோட்டோ 1998இல் கணக்கிட்டுக் காட்டினார்: அறை வெப்பநிலையில் கண்ணாடி கண்ணுக்குத் தெரியும் அளவு வழிய, அண்டத்தின் வயதும் போதாது. அக்காலத்துக் கண்ணாடி செய்யப்படும்போதே சீரற்ற தடிமனோடு அமைந்தது. எல்லாம் அசைகிறது என்ற ஆசையில் அசையாததையும் அசைத்துவிடக் கூடாது.

இதைவிடப் பெரிய பாடம் ஒன்று உண்டு. 2014இல் சோடியம் சிலிகேட் கண்ணாடியை எக்ஸ் கதிரால் ஆராய்ந்தவர்கள், இறுகிய அக்கண்ணாடியில் எதிர்பார்த்ததைவிட மிக விரைவான அணு அசைவைக் கண்டு அறிவித்தனர். பின்னர், கதிரின் செறிவைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தபோது அசைவின் வேகமும் உடன் மாறியது! அத்தகைய கண்ணாடிகளில் அணுக்களை ஆட்டியது பார்க்க வந்த எக்ஸ் கதிரேதான் என்று 2017இல் வெளியிட்டனர். வெளியிட்டவர் எவரோ அயலார் அல்லர். முன்னைய ஆராய்ச்சியை முன்நின்று செய்த அதே அறிஞர் பீயட்ரிச் ரூட்டாவும் அவரோடு சேர்ந்தவர்களும்தான்.

இதனைப் படித்தபோது நம் ஆய்வகக் குறிப்பேடுகள் என் நினைவுக்கு வந்தன. விடை சரியாக வராவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? சென்ற ஆண்டு அண்ணன்மார் எழுதிய அளவீட்டைப் பார்த்து நிரப்புகிறோம். நானும் செய்திருக்கிறேன், மறைப்பானேன்? குறை ஆசிரியர்மீதன்று, ஆய்வகத்தின்மீதும் அன்று. மதிப்பெண்ணுக்கு அஞ்சும் நம்மீதுதான். "நான் கண்டது பொருளின் அசைவா, என் கையின் அசைவா?" என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வதே அறிவியல் என்று எனக்கு உறைத்தது அன்றுதான்.

முற்றத்தில் ஒரு சோதனை

கிரெனோபிளுக்கு நான் போக முடியாது. முற்றத்துக்குப் போகலாம் அல்லவா? பொங்கல் முடிந்தபின், நண்பன் ஒருவனிடம் சிறு லேசர் விளக்கொன்றை இரவல் வாங்கிச் செங்கல்லில் கட்டினேன். கைபேசியை இன்னொரு செங்கல்லில் சாய்த்து நிறுத்தினேன். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, அன்று மாலை வனைந்த ஈரச் சட்டியின்மீது ஒளியைச் செலுத்தி, சிதறிய ஒளியைப் படம் எடுத்தேன். பொட்டுக்கோலம் கொதித்துக்கொண்டிருந்தது. அடுத்து, சூளையிலிருந்து வந்த சுட்ட சட்டியை அதே இடத்தில் வைத்தேன். கோலம் அப்படியே நின்றது. செங்கல் ஆடியிருந்தால் இரண்டும் ஆடியிருக்க வேண்டுமே! ஆகவே ஆடியது ஈரமண்தான். மறுநாள் பாதி உலர்ந்த சட்டியை வைத்தபோது கோலம் சோம்பலாக மாறியது.

அப்பா பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. கைபேசியில் இரண்டு படங்களையும் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"ஈரம் இருக்கிற வரைக்கும் உள்ளே வேலை நடக்குது. அதான் அவசரப்பட்டுச் சூளையில வச்சா வெடிக்கும்" என்றார். பிறகு, "இதத்தான் அங்க பெரிசா பாக்கிறாங்களா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா."

"அப்ப நீ படி. மாமாகிட்ட நான் பேசிக்கிறேன்."

அவ்வளவுதான் பேச்சு. மண் மிதித்த அன்று அவர் சொல்லாமல் விட்ட பதில் அதுதானா என்று நான் கேட்கவில்லை.

என் கருத்து

மாமாவின் கேள்வியிலும் நியாயம் உண்டு. வீட்டுக் கடன் மாதந்தோறும் வட்டி கேட்கிறது. அது அறிவியலுக்காகக் காத்திராது. பட்டம் பெற்றதும் இத்துறையில் வேலை கிடைக்கும் என்று சொன்னால் அது பொய்யாகும். ஆயினும் "அசையாததைப் பார்த்து என்ன பயன்?" என்ற பகுதிக்கு மட்டும் விடை சொல்வேன். ஞெகிழிப் பொருள் நாளடைவில் நொறுங்குவதும், வண்ணக் குழம்பு புட்டியின் அடியில் தங்கிவிடுவதும், உலோகம் சுமை தாங்கித் தாங்கி ஒருநாள் முறிவதும் ஒரே நொடியில் விளைந்தவை அல்ல. முறிந்த நாளை மட்டும் நாம் காண்கிறோம். முறிவதற்கு உள்ளே நடந்த நெடுநாள் வேலையைக் காண்பதில்லை. அதனைக் காணும் கண் பயனற்றதாகுமா?

"ஏழை நாட்டு மாணவனுக்கு மாபெரும் பொறிகளின் கதை எதற்கு?" என்று கேட்பாரும் உளர். நம் நாட்டிலேயே இந்தூரில் இண்டஸ்-2 என்னும் 2.5 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் சின்க்ரோட்ரான் இயங்குகிறது. உலகின் பெரும் பொறிகளோ மேலும் கூர்மை பெற்றுவருகின்றன. கிரெனோபிளின் புதிய வளையம் 2020இல் ஆராய்ச்சியாளருக்குத் திறக்கப்பட்டது. அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வக வளையம் 2023இல் நிறுத்திப் புதுப்பிக்கப்பட்டு 2024இல் மீண்டும் ஒளிவிட்டது. கதிரின் ஒளிர்வு 100 மடங்கு கூடினால், இம்முறையால் அளக்கத்தக்க மிகக் குறுகிய காலம் 10,000 மடங்கு குறையும் என்பது கணக்கு. இப்பொறிகளில் ஆராய்ச்சிக்கு நேரம் ஒதுக்குவது, எழுதி அனுப்பும் கருத்தின் தகுதியைப் பார்த்தே. நல்ல கேள்வி எழுத ஆங்கிலப் பள்ளியில் படித்திருக்க வேண்டியதில்லை. மண் மிதிக்கும் வீட்டிலும் நல்ல கேள்விகள் உண்டு. இவ்வளவு காலம் அவற்றை எழுதி அனுப்ப எங்கள் வீட்டில் ஆள் இல்லை, அவ்வளவே.

ஆகவே இம்மலரின் வாயிலாக இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, நம் துறைக்கு. கீற்றணிச் சோதனை முடியும் நாளில் அதே லேசரைக் கொண்டு ஒரு பிற்பகல் பொட்டுக்கோலத்தையும் காட்டலாம். செலவில்லை; ஒரு பிடி ஈரமண் போதும், அதை நானே கொண்டுவருகிறேன். கண்ணில் ஒளி படாதபடி ஆசிரியர் உடனிருந்தால் போதும். மற்றொன்று, என்னைப்போல் முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நண்பர்களுக்கு. இரண்டு பருவத் தேர்வுகளில் நின்றுவிட்ட பாடத்தை வைத்து நம்மைப் பிறர் "நகராத மாடு" என்பர். சில நாள் நாமே அப்படி நம்பிவிடுவோம். முதலாண்டில் கணக்குப் பாடத்தில் தவறி, மூன்றாம் முறை எழுதித் தேறியவன் நான். அந்த இரண்டு முறையும் ஒன்றும் நடக்கவில்லை என்று மதிப்பெண் பட்டியல் சொல்லிற்று. நடந்தது என்னவென்று எனக்குத் தெரியும்.

முதுகலைக்கு விண்ணப்பம் போடத் தீர்மானித்துவிட்டேன். கிடைக்குமோ, கிடைக்காதோ! கோடை விடுமுறையில் திருப்பூருக்குப் போவேன். வேலைக்கும்தான், மாமாவைப் பார்க்கவும்தான். போகும்போது கைபேசியில் அந்த இரண்டு படங்களும் இருக்கும். ஈரச் சட்டியின் படத்தை முதலில் காட்டுவேன். "கொஞ்ச நேரம் பாருங்க மாமா" என்று மட்டும் சொல்வேன்.